மாடி வீட்டுப் பல்லிகள்

மாமா,

இன்று காலை பல்லிகளுக்குப் புழு வளர்க்கும் தட்டை மாற்றினேன். பழைய தவிட்டை அரித்து எடுத்துவிட்டு, கீழே கடையிலிருந்து புதுத் தவிடு கொண்டுவந்து கொட்டி, மேலே காரட் துண்டுகளை வைத்தபோது அந்த வாசம் எழும்பியது. தவிடும் காரட்டும் கலந்து லேசாகப் புளித்த வாசம். பலசரக்குக் கடைக்காரரின் சட்டையில் மல்லியும் மிளகாயும் மணக்கும் என்றுதான் பதுளைக் கடைவீதியில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கடைசிக் காலத்தில் உங்கள் சட்டைக் கையில் இந்த வாசம்தான் இருந்தது. அது எனக்கும் கடையில் உங்களோடு வேலைக்கு நின்ற செல்லையா அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருந்தது.

உங்கள் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போவது முடிவானபோது என்னிடம் இரண்டு பொறுப்புகளைக் கொடுத்தார். ஒன்று நீங்கள். மற்றது இரண்டு சிறுத்தைப் பல்லிகள். கொழும்பில் அவருடைய நண்பர் ஒருவர் வெளிநாட்டில் குடியேறப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பிராணிகள் அவை. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி, தடித்த வால், எப்போதும் எதையோ நினைத்துச் சிரிப்பதுபோல ஒரு வாய்.

"அம்மா போனதுக்குப் பொறகு அப்பா தனியா கெடக்காரு. நீ ஹாலிஎலையில தனியா இருக்கிறதுக்கு அங்க போய் இரு. ரெண்டு பேருக்கும் தொணையா இருக்கும்" என்றார்.

துணையா? எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. பதுளையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் மகளைக் கட்டினான் என்பதை உங்களால் தாங்க முடியவில்லை. "லயத்துப் பொண்ணு" என்று நீங்கள் சொன்னது யார் யாரோ வாயால் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் படித்ததும் ஆசிரியையாகப் பதுளைக்கே வேலைக்கு வந்ததும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

கடைக்கு மேல் இருந்த உங்கள் வீட்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியோடு நான் வந்து இறங்கினேன். நீங்கள் கல்லாவில் இருந்தபடியே பெட்டியைப் பார்த்தீர்கள். பிறகு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த செல்லையா அண்ணனிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னீர்கள்:

"செவுத்துல ஓடுறது போதாதாக்கும். கண்ணாடிப் பெட்டியில வேற வச்சு வளக்கணுமா?"

அதற்குப் பிறகு உங்கள் வாயில் என் பெயர் "மேல" என்று ஆனது. "மேல சொல்லு, கீரை வந்திருக்குன்னு." "மேல கேளு, கேஸ் சிலிண்டர் முடிஞ்சிருச்சான்னு." செல்லையா அண்ணன் பாவம், இரண்டு தளத்துக்கும் நடுவில் படிக்கட்டிலேயே கிடந்தார்.

அந்த மாதங்களில் ஒருநாள் என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். மடுல்சீமையிலிருந்து பசறைக்கு ஒரு பஸ், பசறையிலிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ். தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் தானே பயிரிட்ட போஞ்சியும் கோவாவும் ஒரு பையில். நான் இறங்கி வருவதற்குள் செல்லையா அண்ணன் அவருக்குத் தேநீர் கொடுத்திருந்தார். அப்பா கடை வாசலில், சாமான் வாங்க வந்தவர்களோடு நின்றுகொண்டே குடித்தார். நீங்கள் அவருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"மேல வாங்கப்பா" என்றேன்.

"வேணாம் புள்ள. செருப்பெல்லாம் சேறு. பஸ்ஸுக்கும் நேரமாச்சு" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

இதையெல்லாம் இப்போது குறைசொல்வதற்காக எழுதவில்லை, மாமா. எங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள் என்று சொல்வதற்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழிக் குளிரில் பல்லிகள் சாப்பிடுவதை நிறுத்தின. இடுக்கியால் புழுவைப் பிடித்து முகத்துக்கு நேரே ஆட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டன. இவற்றுக்குக் கண்ணிமை உண்டு, வீட்டுப் பல்லிக்கு இல்லை. அப்படி மூடிக்கொள்வதைப் பார்த்தால் "போ அந்தப் பக்கம்" என்பதுபோலவே இருக்கும். ஒரு மாலை நான் பாடசாலையிலிருந்து வந்து படியேறியபோது மாடியில் உங்கள் குரல் கேட்டது. பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"பெட்டி பச்சத்தண்ணியா கெடக்கு. ஒனக்குக் குளிருதாடா? கேக்க ஆளில்லையா?"

பல்லியிடம்தான் கேட்டீர்கள். நான் வாசலில் நின்றபடி, நானும் பல்லியைப் பார்த்தே சொன்னேன்: "சூடு இல்லாட்டி இதுக்குத் தின்னது செரிக்காது."

பெட்டியின் ஒரு பாதிக்குக் கீழே சூட்டு விரிப்பு இருக்க வேண்டும். மற்றப் பாதி குளிர்ந்திருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். விரிப்பு இருந்தது. அந்தப் பழைய சுவரின் மின் இணைப்புத்தான் செத்துப்போயிருந்தது. மறுநாளே ஆள் வந்து சரிசெய்து கொடுத்தார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. சில நாட்களில் ஆண் பல்லி வாலை நெளித்து நெளித்து ஆட்டிக்கொண்டு வந்து புழுவைப் பாய்ந்து பிடித்தது. நீங்கள் ஒரு நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

அதன்பிறகு கொஞ்ச காலம் நாம் இருவரும் பேசியதெல்லாம் பல்லியிடம்தான். "இவனுக்குத் தண்ணி மாத்தலையா?" என்பீர்கள். "காலையில மாத்தியாச்சு" என்று நானும் அவனிடமே சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை ஒரு வாளி நிறைய ஆற்று மணலோடு மாடிக்கு வந்தீர்கள். பாலைவனத்துப் பிராணி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து கொட்டப் போனீர்கள். இதைப் பல்லியிடம் சொல்லிப் பயனில்லை. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"மணல் வேணாம் மாமா. புழுவோட சேத்து முழுங்கிரும். வயித்துல அடைச்சுக்கிட்டுச் செத்துரும்."

மாமா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. நீங்கள் வாளியோடு அப்படியே நின்றீர்கள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்கள். கோபித்துக்கொண்டீர்கள் என்றே நினைத்தேன். அடுத்த நாள் பெட்டியின் அளவுக்கு வெட்டிய சொரசொரப்பான தரை ஓடுகள் வந்தன. கூடவே ஒளிந்துகொள்வதற்கென்று விளிம்பு தேய்த்த மூன்று பாதி மண்சட்டிகள். சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. மூன்றாவதை நனைந்த பாசி போட்டு நடுவில் வைத்தோம். தோல் உரிக்கும் நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் விரல் நுனியில் தோல் ஒட்டிக்கொண்டு விரலே போய்விடும் என்று நான் சொன்னதும், "அப்ப அது ரொம்ப முக்கியம்" என்று நீங்களே பாசியைப் பிழிந்து பார்த்தீர்கள்.

புழுதான் பெரிய சண்டை. கொழும்பிலிருந்து வந்த புழுக்கள் வழியிலேயே பாதி செத்தன. நாமே வளர்க்க வேண்டும், அதற்குத் தவிடு வேண்டும் என்று உங்கள் மகன் போனில் சொன்னார். நான் கீழே வந்து கேட்டேன்.

"எதுக்கு?" என்றீர்கள், நேரடியாகவே.

"புழு வளர்க்க."

நீங்கள் எழுந்தே விட்டீர்கள். "புழுவா? இந்தக் கடையில ஒரு புழு வந்துறக் கூடாதுன்னு எங்க அப்பா காலத்துலருந்து மூட்டை மூட்டையா வெயில்ல காயப்போட்டுக் காவல் இருந்தவன் நான். எங்கிட்டயே வந்து தவிடு கேக்கிறியா?"

செல்லையா அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நான் திரும்பிப் படியேறினேன். பின்னாலேயே உங்கள் குரல் வந்தது: "நல்ல தவிடாக் குடு செல்லையா. பழசக் குடுத்துறாத. திங்கிற பிராணி."

பிறகு அந்தத் தட்டு முழுக்க உங்கள் வசமானது. புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, முட்டையிட்டு, மறுபடி புழுவாகும் வரைக்கும் நீங்கள் பொறுமையாகப் பார்த்திருந்தீர்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கல்சியம் மாவில் புரட்டுவீர்கள். பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிய புழுவைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புழுவையும் பல்லியின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். கடைக்கு வந்தவர்களிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பலசரக்குக் கடை மாடியில் புழு வளர்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகும்!

"ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்றீர்கள் ஒருநாள். "இது செவுத்துல ஏறாது. தலையில விழாது. சொல்லவும் செய்யாது. பலன் பாக்க வேண்டிய தொல்லையே இல்லாத பல்லி."

அவற்றுக்கு உங்கள் மகன் வைத்த ஆங்கிலப் பெயர்கள் உங்கள் வாயில் நுழையவில்லை. பெண் பல்லிக்கு மஞ்சள் என்று பெயர் வைத்தீர்கள். ஆண் பல்லி சட்டியின் மேல் ஏறி, முன்கால்களை ஊன்றி, தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இவனப் பாரு. ஒரு வேலையும் செய்றதில்ல. எல்லாரையும் மெரட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். கங்காணி!"

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தீர்கள். கங்காணிகளின் அதட்டலில் வேலை செய்த தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளையிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று உங்கள் முகம் சுருங்கியது. எனக்கோ அடக்க முடியாத சிரிப்பு. அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நான் சிரிப்பதைப் பார்த்து நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் மகனுக்குச் சிரித்தால் ஒரு கண் மட்டும் சுருங்கும். அது யாரிடமிருந்து வந்தது என்பது அன்று தெரிந்தது.

மஞ்சள் முட்டையிட்டது, நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த வருடத்தில். நனைந்த பாசிக்குள் இரண்டு வெள்ளை முட்டைகள், தோல் போன்ற ஓட்டோடு. மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புரளாமல் எடுத்து, ஈரத் தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பிய டப்பாவில் வைத்தேன். கோழி முட்டையைப்போல இவற்றைத் திருப்பக் கூடாது. திருப்பினால் உள்ளே இருப்பது செத்துவிடும். விடாத சூடும் வேண்டும். ஆனால் மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டது. கேஸும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மழை வேறு. டப்பாவுக்குள் இருந்த வெப்பமானி இறங்கிக்கொண்டே போனது. நான் டப்பாவைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் மாடிக்கு வந்து பார்த்தீர்கள். "விறகடுப்பு எங்க எரியுது இப்ப, சொல்லு" என்றீர்கள். கடைவீதியே நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் பேக்கரியை நினைத்து, பதிலையும் நீங்களே சொன்னீர்கள்: "நானா பேக்கரியில."

டப்பாவை உங்கள் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டீர்கள். யாரையும் தொட விடவில்லை. நான் பின்னால் குடை பிடித்து வந்தேன். கடைவீதியில் உங்களைத் தெரியாதவர்கள் யார்? "என்ன முதலாளி, பிரசாதமா?" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தவே இல்லை. கோயிலில் தீபம் கொண்டுபோகிறவரைப்போலக் காலை எடுத்து எடுத்து வைத்தீர்கள்.

பேக்கரியில் மா குறைவு, வழக்கமான பாண் ரொட்டியில் பாதிகூடச் சுடவில்லை. ஆனாலும் சூளை ஒரு நேரமாவது எரிந்துகொண்டிருந்தது. அதன் சுவரை ஒட்டி, பிசைந்த மாவைப் பொங்க வைக்கும் சிறிய அறை. நானா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "இது யார்ட முட்டை முதலாளி?" என்று கேட்டார்.

நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எம் மருமகளோடது. பத்திரம் நானா."

குடையை மடக்காமல் நான் அந்தக் கூரைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்கு அது நினைவில் இருந்திருக்காது. வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில்தான் உங்கள் கவனமெல்லாம். நான் அந்தச் சொல்லைக் கேட்பதற்கு வருடங்கள் காத்திருந்தேன், மாமா. அது மாவு மணக்கும் ஒரு சிறிய அறையில், போகிற போக்கில் வந்து விழுந்தது.

காலையும் மாலையும் போய்ப் பார்த்தீர்கள். ஒரு முட்டை பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிவிட்டது. அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. "வழியில நாந்தான் கைய ஆட்டிட்டேனோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இல்லை மாமா, சில முட்டைகள் அப்படித்தான் என்றேன். மற்ற முட்டை பொரிந்தது. நானா ஆள் அனுப்பிய செய்தி வந்ததும் கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு ஓடியவர் நீங்கள். என் சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட ஒரு குட்டி, தும்புத்தூளில் நின்று உங்களைப் பார்த்து வாயைப் பிளந்து கத்தியது. "ஆத்தாடி, என்னா கோவம்!" என்று நீங்கள் பின்வாங்கினீர்கள். நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த முறை அப்பா வந்தபோது நான் பாடசாலையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வாசலை நெருங்கும்போதே பார்த்தேன். அப்பா வழக்கம்போல் படியில் நிற்கிறார், பையோடு. நீங்கள் கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்தீர்கள்.

"சம்பந்தி, மேல வாங்க. ஒரு சாமான் காட்டுறேன்."

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "செருப்பெல்லாம் சேறுங்க முதலாளி."

"மேலயும் தண்ணி இருக்கு, கழுவிக்கலாம். வாங்க."

அந்தப் பையை நீங்களே வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினீர்கள். அப்பாவைப் பெட்டிக்கு முன்னால், உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். கங்காணியைக் காட்டினீர்கள். பெயரைச் சொன்னதும் அப்பா ஒரு கணம் திகைத்து, பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க தாத்தா இருந்து பாத்திருக்கணும்! கங்காணியக் கண்ணாடிப் பெட்டியில அடைச்சு வச்சிருக்காளே எம் மக!" குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றீர்கள். "கங்காணி மகன் படிச்சிருந்தா கணக்கப்புள்ள ஆயிருப்பான்" என்றார் அப்பா. அன்றிலிருந்து அவன் கணக்கப்புள்ளை. அன்று அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். போஞ்சிக் கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நீங்களே நடந்து போய் அவரை ஏற்றிவிட்டு வந்தீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உங்கள் மகன் வந்து கடையைப் பார்க்கிறார். பல்லிகள் மூன்றும் நலம். உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

என் தம்பி எல்லவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். கூட வேலை செய்த சிங்களப் பிள்ளையைக் கட்டிக்கொண்டான். என் அப்பா அவளை வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது என்றுவிட்டார். என் அப்பாதான், மாமா. "எவ்வளவு பட்டவரு, அவரே இப்படியா? இனி மாற மாட்டாரு" என்று தம்பி அழுதான். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு மனிதர் மெல்ல மெல்லத் தன் மனதைத் திருப்பிக்கொண்டதை ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தவள் நான். யாரைப் பற்றியும் மாற மாட்டார் என்று இனி என்னால் சொல்ல முடியாது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

அப்பாவோடு நான் வாதாடவில்லை. போன் பேசும்போதெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லி வைப்பேன், அவ்வளவுதான். அவள் தமிழ் பேசக் கற்றுக்கொள்கிறாள் என்று, அவளுக்கும் தோட்டம் போடப் பிடிக்கும் என்று. அப்பா உடனே பேச்சை மழைக்கும் கோவாவுக்கும் திருப்பிவிடுவார்.

நேற்று, "ஞாயித்துக்கெழம வாரேம்ப்பா. தனியா இல்ல, அவளையும் கூட்டிக்கிட்டு" என்றேன். தகரக் கூரையில் மழை விழுவது மட்டும் போனில் கேட்டது.

"காலை பஸ்ஸையே புடிங்க" என்றார் அப்பா. "மழைக்கு முந்தி வந்துருங்க."

எனக்கு மட்டும் என்றால் அப்பா எப்போதும் "வா" என்றுதான் சொல்வார்.